கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஓர்ஹுஸ், 4 செப்டம்பர் 2012

அன்புள்ள தோவே,

நீயும் உன் வீட்டுக்காரர் ஹானுஸும் சுகம்தானே? போன வாரம் உங்கள் தீவில் அடித்த புயலில் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லையே? ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் காது அப்படி, என் பொறுமை இப்படி. நான் "பிரேபன்" என்று கத்துவேன், நீ "எந்தப் பெண்?" என்பாய். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நமக்குக் கடிதம்தான் சரி.

உன் தம்பி பிரேபனுக்கு இரண்டாவது கீமோ ஏற்றியாயிற்று. குடலில் வெட்டிய இடம் நன்றாக ஆறிவிட்டது. கட்டியை எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதற்குத்தான் இந்த மருந்து என்கிறார்கள். மருந்து ஏறிய வாரத்தில் குளிர்ந்த பொருள் எதைத் தொட்டாலும் அவன் விரலில் ஊசி குத்துகிறது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜிலிருந்து வெண்ணெய் எடுக்கிறான். பார்த்தால் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

நான் எழுத வந்தது இதற்கல்ல. நேற்று டாக்டரைப் பார்த்தோம். பிரேபன் தன் களைப்பைப் பற்றிச் சொன்னான். சோபாவிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போய் வந்தால் பாதி நாள் போய்விடுகிறது என்றான். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கணினியில் எதையோ தட்டினாள். மாத்திரை எழுதுகிறாள் என்று நினைத்தேன். "வாரத்துக்கு மூணு காலை, உடற்பயிற்சிக்கு வாங்க. சைக்கிள், எடை தூக்கறது, எல்லாம் உண்டு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாருடைய பக்கத்தையோ திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்றே நினைத்தேன்.

பிரேபன் சொன்னான்: "டாக்டர், நான் நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். நடக்கறது பயணிங்க வேலை."

அவள் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை ஆரம்பிங்க" என்றாள்.

இதற்கு நீ என்ன சொல்கிறாய்? உன் பதில் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

அன்புடன்,
யுட்டே


தோர்ஷவ்ன், 12 செப்டம்பர்

அன்புள்ள யுட்டே,

கூரை பத்திரம். நாங்களும் பத்திரம். பிரேபன் எப்படி இருக்கிறான்? அதை முதலில் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கண்ணும் போய்விட்டதோ என்று ஹானுஸிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் படித்தார். எடை தூக்குவதா? வயிற்றைக் கிழித்துத் தைத்து மூன்று மாதம் ஆகவில்லை, உடம்பில் விஷத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவன் எடை தூக்க வேண்டுமா? இங்கே ஒரு ஆடு நோய்ப்பட்டால்கூடத் தனியாக வைக்கோல் விரித்துப் படுக்க விடுகிறோம். ஹானுஸ் அதை மலை ஏறச் சொல்வதில்லை.

அவனைப் படுக்கப் போடு. சூப் கொடு. யார் வந்து கேட்டாலும் அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று சொல். நீ அவனுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறாய் என்று முன்பு சொன்னேன், இப்போது சொல்கிறேன், இன்னும் கொடு.

உடனே எழுது. அவன் எடை எவ்வளவு, என்ன சாப்பிடுகிறான், எல்லாம்.

தோவே


ஓர்ஹுஸ், 30 செப்டம்பர்

அன்புள்ள தோவே,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உன் தம்பி நலம். உன் ஆட்டுக் கதையைப் படித்துக் காட்டினேன். "அந்த ஆட்டுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினான்.

ஆமாம், போகிறோம். திட்டாதே, முழுவதும் படி.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம். நடைக்கூடத்துப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஓடாத சைக்கிள்கள், இரும்புத் தட்டுகள், மெத்தைகள். அவற்றின்மேல் முடி இல்லாத மனிதர்கள். கதவருகில் ஒவ்வொருவருக்கும் காய்ச்சலும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ஏதாவது சரியில்லை என்றால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் நிலைக்கவில்லை. மலேனா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதிருக்கும், குரல் மீன் சந்தைக்குப் போதும். பிரேபனைச் சைக்கிளில் ஏற்றி, "மிதிங்க, மிதிங்க, பேச முடியற வரைக்கும் நீங்க மிதிக்கலைன்னு அர்த்தம்!" என்று கத்தினாள். அவன் முகம் பீட்ரூட் ஆனது. வாயைத் திறந்து மூச்சு விட்டான். வெளியே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டேன், தோவே. "நிறுத்துங்க! அவர் புற்றுநோய்க்காரர்!" என்றேன்.

கூடமே நின்றது. பக்கத்துச் சைக்கிளில் இருந்த ஒரு பெரிய மனிதர் சொன்னார்: "அப்படியாம்மா? நாங்கல்லாம் இங்க மழைக்கு ஒதுங்கினவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிரேபன்தான் அதிகம் சிரித்தான். அவர் பெயர் கூர்ட், கசாப்புக் கடை வைத்திருந்தவர், நிணநீர்ப் புற்று. அவருக்குப் பக்கத்தில் சிக்னே, பள்ளி ஆசிரியை, மார்பில் அறுவை முடிந்தவள்.

மலேனா என்னை ஓரமாக அழைத்துப் போய்ப் பொறுமையாகச் சொன்னாள். "இது நோயை விரட்டாது. அதை நான் யாருக்கும் சொல்றதில்லை. மருந்தைத் தாங்கறதுக்கு உடம்பு வேணும், அந்த உடம்பைக் கரைய விடாம பாத்துக்கறோம். படுத்தே கிடந்தா களைப்பு இன்னும் கூடும்." கேட்க நியாயமாக இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். கணவன்மார், மனைவிமார், ஒரு வயதான தாய், நான். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடித்தபடி அவர்கள் வியர்ப்பதைப் பார்க்கிறோம். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. உள்ளேதான் கலகலப்பு.

எழுது,
யுட்டே


தோர்ஷவ்ன், 16 அக்டோபர்

அன்புள்ள யுட்டே,

நலமே. பிரேபனின் நலம் அறிய ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்து நிற்கிறேன்.

கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது. ஹானுஸ் சொல்கிறார், படகைக் கரையில் இழுத்துப் போட்டால்தான் பலகை காய்ந்து வெடிக்கும் என்று. உங்கள் மலேனாவுக்கும் இவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

பிரேபனுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருக்கிறேன். குளிர்ந்ததைத் தொட்டாலே குத்துகிறது என்று எழுதியிருந்தாயே, காற்று தொண்டையில் படாமலிருக்கக் கழுத்தை உயரமாக வைத்திருக்கிறேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு வாந்தி உண்டா? விரல் இன்னும் குத்துகிறதா? இரவில் தூங்குகிறானா? இரத்த அணுக்கள் எப்படி?

நீ பக்கத்தில் இருப்பதால் எனக்குக் கவலை பாதிதான். பாறை மாதிரி இருக்கிறாய். அப்படியே இரு.

தோவே


ஓர்ஹுஸ், 11 நவம்பர்

அன்புள்ள தோவே,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். பிரேபன் நலம். சட்டை வந்தது. கழுத்து மூக்கு வரை வருகிறது, கழற்றவே மாட்டேன் என்கிறான். வாந்தி இல்லை. விரல் குத்துகிறது. தூங்குகிறான், குறட்டைதான் சாட்சி. இரத்த அணுக்கள் ஒரு முறை குறைந்து ஒரு வாரம் மருந்தைத் தள்ளிப் போட்டார்கள், இப்போது சரி.

நீ நம்ப மாட்டாய், அவனுக்குத் தொடை வந்திருக்கிறது. இத்தனை வருடமாக நான் பார்த்த பஸ் ஓட்டுநரின் காலுக்கு மேலே யாரோ புதிதாக ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். குளியலறையிலிருந்து வந்து "யுட்டே, இதைத் தொட்டுப் பாரு!" என்றான். தொட்டேன். கெட்டியாக இருந்தது. தலையில் முடி கொட்டிக்கொண்டிருக்கிற மனிதனுக்குத் தொடை வளர்கிறது. எனக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று உனக்குத் தெரியும். ஆகஸ்டில் அவனை ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். இப்போது நான் இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கும்போது அவன் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, வண்டி நின்னுபோச்சா? தள்ளணுமா?" என்கிறான். கையில் இருக்கிற பைகளையும் அவனே வாங்கிக்கொள்கிறான். அவன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

நேற்று இங்கே நிறுத்திவிட்டேன், இன்று தொடர்கிறேன். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் சோர்ந்துபோகிறேன். குளிர்காலம் தொடங்கினால் எனக்கு எப்போதும் இப்படித்தான். தாடையில் ஒரு வலி வந்து வந்து போகிறது. பல் டாக்டர் பல்லில் ஒன்றுமில்லை என்றார். எங்கள் டாக்டரிடம் கேட்கலாம் என்று நேரம் வாங்கினேன், அது பிரேபனின் பயிற்சி நாளில் வந்துவிட்டது. ஜனவரிக்கு மாற்றிக்கொண்டேன். அவசரம் ஒன்றுமில்லை.

மலேனா ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "யுட்டே, நீங்களும் ஒரு சைக்கிள்ல ஏறுங்களேன்" என்றாள். "எனக்கு நோயில்லையேம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

பிரேபனின் அடுத்த கீமோ வியாழக்கிழமை. பிறகு எழுதுகிறேன்.

யுட்டே


தோர்ஷவ்ன், 26 நவம்பர்

அன்புள்ள யுட்டே,

சுகமா? பிரேபனின் தொடைக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஹானுஸும் நானும் சிரித்துச் சிரித்துக் களைத்தோம். எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் நம்பவே மாட்டாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் வந்தால் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவன் அவன். இப்படியே போனால் நம் எல்லாரையும் வழியனுப்பிவிட்டுத்தான் அவன் கிளம்புவான், பார்த்துக்கொண்டே இரு.

வியாழக்கிழமை மருந்து எப்படிப் போனது? கிறிஸ்துமஸுக்கு அவனால் வாத்துக் கறி சாப்பிட முடியுமா, இல்லை கொழுப்பு ஆகாதா? நான் காய வைத்த ஆட்டுக்கறி அனுப்பட்டுமா? அவன் எதைக் கேட்டாலும் எழுது, அனுப்புகிறேன்.

தோவே


ஓர்ஹுஸ், 10 டிசம்பர்

அன்புள்ள தோவே,

நீ நலமாக இருக்க வேண்டும். கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டும் என்று யுட்டே எழுதும்போது பார்த்திருக்கிறேன். அதற்குமேல் எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. வீட்டில் எழுதுகிறவள் அவள்தான்.

ஃபோனில் ஹானுஸிடம் சொன்னது உனக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. புயலில் விமானம் ரத்தானதால் நீ வர முடியவில்லை. நீ பார்க்காததை நான் எழுத வேண்டும்.

நவம்பர் கடைசியில், பயிற்சி முடிந்து கடைக்குப் போய்விட்டு வந்தோம். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். எங்கும் நிற்காமல் மூன்று மாடியும் ஏறியது அன்றுதான் முதல் முறை. கதவைத் திறந்து பைகளை வைத்துவிட்டு, "யுட்டே! ஒரு தடவைகூட நிக்கலை!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

பதில் இல்லை.

"என்ன, கோவமா?" என்றேன். விளையாட்டுக்கு ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அறுபது வயதுக்காரி எங்கே போய் ஒளிவாள்?

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையுறையைக் கழற்றியிருந்தாள். கண் திறந்திருந்தது. நான் அவளைப் படுக்க வைத்து மார்பை அழுத்தினேன். பஸ் ஓட்டுநர்களுக்கு அது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கீழ் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர் "நான் மாத்திக்கிறேன், பிரேபன், விடுங்க, உங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. அவர்கள் வந்து என்னை விலக்கும்வரை என் கை தளரவில்லை, தோவே. சரியாகத்தான் செய்தீர்கள் என்று ஆம்புலன்ஸில் வந்த பையன் பிறகு சொன்னான். என் கையில் அவ்வளவு பலம் இருந்தது. அது அவளுக்கு ஒரு பயனும் தரவில்லை.

மாரடைப்பு. வாரக்கணக்கில் அறிகுறி இருந்திருக்கும் என்றார்கள். பெண்களுக்குச் சில நேரம் அது நெஞ்சில் வராமல் தாடையிலும் முதுகிலும் களைப்பாகவும் வருமாம்.

எல்லாரும் என் சாவுக்குத்தான் தயாராக இருந்தோம். அவள் என் சட்டைகளைக்கூடத் தரம் பிரித்து வைத்திருந்தாள், யாருக்கு எதைக் கொடுப்பதென்று. அதை எனக்குத் தெரியாமல் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேவாலயத்தில் பெட்டிக்கு ஆறு கைப்பிடி. யுட்டேயின் அண்ணன் மகன்கள் இருவர், நான். மீதி மூன்றில் இரண்டுக்கு உன்னையும் ஹானுஸையும் கணக்கில் வைத்திருந்தேன், ஒன்றுக்கு ஆளே இல்லை. பாடல் முடிந்ததும் பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் கூர்ட், சிக்னே, மலேனா. மூன்று பேரும் எழுந்து வந்தார்கள்.

"நீங்க நோயாளிங்க, வேணாம்" என்றேன்.

"சும்மா இருய்யா, மலேனாவே ஒண்ணும் சொல்லலை" என்றார் கூர்ட்.

சிக்னே, "எனக்கு வலது கைதான் வெட்டின பக்கம். இடது கை படற மாதிரி நிக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் தூக்கினோம். மொட்டைத் தலைகள் மூன்று, மருந்தில் ஊசி குத்துகிற விரல்கள். வாசல் வரை, பிறகு பனியில் வண்டி வரை. ஒருவரும் தடுமாறவில்லை. நல்ல உடம்போடு இருந்தவளை நோயாளிகள் தூக்கிக்கொண்டு போனோம். என்னால் இன்னும் அதை நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் தபால்பெட்டியில் உன் கடிதம் கிடந்தது. நம் எல்லாரையும் வழியனுப்பிவிட்டுத்தான் நான் கிளம்புவேன் என்று எழுதியிருந்தாய்.

பிரேபன்


தோர்ஷவ்ன், 18 டிசம்பர்

பிரேபன்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன்.

இரவெல்லாம் ஒரே கேள்விதான். நீ ஏன் முன்னால் ஏறினாய்? அவள் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்று எனக்கு எழுதுகிறாள். உனக்குத் தெரியாதா? நீ மேலே நின்று வண்டியைத் தள்ளட்டுமா என்று கேலி செய்தாயே. வாரம் மூன்று காலை அவளை ஒரு நடைக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு உன் தொடையை வளர்த்தாயே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாயா? உன்னைச் சோபாவிலேயே கிடக்கவிட்டிருந்தால், நீ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் ஏறியிருப்பாய்.

தோவே


தோர்ஷவ்ன், 21 ஜனவரி 2013

அன்புள்ள பிரேபன்,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஹானுஸ் ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று கீழ் வீட்டுக்காரரிடம் கேட்கும்படி ஆகிவிட்டது. இருக்கிறாராம், சிகிச்சைக்குத்தான் போவதில்லை என்றார். அதைக் கேட்டதும் அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ பார்க்கவில்லை என்று திட்டினேன். எனக்கு அவள் எழுதினாளே, நான் படித்தேனே. தாடை வலி என்றாள், சோர்வு என்றாள், டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன் என்றாள். நான் உன் தொடைக்கு வணக்கம் சொல்லிப் பதில் எழுதினேன். வாத்துக் கறி உனக்கு ஆகுமா என்று அவளைக் கேட்டேன்.

உனக்கு டிசம்பரில் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. மருந்துக்குப் போ. எனக்குத் தம்பி நீ ஒருவன்தான்.

தோவே


ஓர்ஹுஸ், 9 பிப்ரவரி

அன்புள்ள தோவே,

உயிரோடு இருக்கிறேன். உனக்கும் ஹானுஸுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா?

உன் டிசம்பர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். நான் நன்றாக மிதிக்கிறேன் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மருந்து தவறவிட்டேன். மலேனா ஃபோன் செய்தாள், டாக்டர் செய்தார், எடுக்கவில்லை. சோபாவில் கிடந்தேன். உடம்பு எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று உனக்குச் சொன்னால் நம்ப மாட்டாய். மறுபடியும் கழிவறைக்குப் போய் வந்தால் பாதி நாள். அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

போன வாரம் மாடிப்படியில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. இரண்டாவது மாடி. நான் எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் கீழே ஓடினேன். அதே திருப்பத்தில் கூர்ட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கத்திவிட்டேன்.

"ஏன்யா கத்தறே? மூச்சு வாங்கறேன். இன்னும் சாகலை" என்றார்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று அப்போதுதான் கவனித்தேன். முதல் மருந்து அவருக்கு வேலை செய்யவில்லையாம், வேறொன்று தொடங்கியிருக்கிறார்கள்.

"உன்னைத் தேத்த வரலை. எனக்குப் பக்கத்துல ஒரு சைக்கிள் காலியா இருக்கு. அதைப் பாத்துக்கிட்டு என்னால மிதிக்க முடியலை. சிக்னேவுக்கும் முடியலை. நீ வந்து அதுல உக்காரு. மிதிச்சாலும் சரி, மிதிக்காட்டியும் சரி."

"நான் முன்னால ஏறிப் போயிட்டேன், கூர்ட்" என்றேன். இதை அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் பெப்பர்மிண்ட் காகிதத்தைச் சின்னதாக மடித்தார். பிறகு, "ஆமா, போயிட்டே" என்றார். "திங்கட்கிழமை வா."

போனேன். டாக்டர் திட்டவில்லை, பரிசோதனை செய்துவிட்டு மருந்தைத் திரும்பத் தொடங்கினார். மலேனா சைக்கிள் மிதியின் இறுக்கத்தை மிகக் குறைவாக வைத்தாள். அதையே மிதிக்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று பயந்தேன். பார்த்தேன். யுட்டே உட்கார்ந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இறங்கிப்போய் அவரை எழுப்பி விரட்ட வேண்டும் போல இருந்தது.

பிரேபன்


ஓர்ஹுஸ், 21 ஏப்ரல்

அன்புள்ள தோவே,

நலமாக இருக்கிறாயா? உன் மார்ச் கடிதத்துக்கும் சேர்த்து இதுதான் பதில்.

கடைசி மருந்து ஏறிவிட்டது. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். சிக்னே வேலைக்குத் திரும்பிவிட்டாள். கூர்ட் வீட்டில் இருக்கிறார், இனி மருந்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அவரால் முடிகிற நாட்களில் வாசல்வரை நடக்கிறார். நான் உடன் போகிறேன். பேசுவது முழுக்கக் கசாப்புக் கடைக் கதைதான்.

எனக்குப் பயிற்சி முடிந்துவிட்டது. ஆனால் கடைசி நாளன்று மலேனாவிடம் ஒன்று கேட்டேன். "அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன செய்யறீங்க?"

அவள் முகம் மாறிவிட்டது. "நவம்பர்லேர்ந்து மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருக்கேன், பிரேபன். நோயாளிங்களுக்கு மட்டும்தான் அனுமதின்னு சொல்றாங்க. அன்னிக்கு நான் யுட்டேயைச் சைக்கிள்ல ஏறக் கூப்பிட்டேன், இல்லையா? சிரிச்சுட்டு வந்துட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கணும்."

அவளும் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதனால் இப்போதும் பயிற்சி நாட்களில் அங்கே போகிறேன். உள்ளே அல்ல. நடைக்கூடத்தில் நின்று, "கட்டடத்துக்குப் பின்னால ஒரு குளம் இருக்கு. சுத்தி வரலாம். யாராச்சும் வரீங்களா?" என்று கேட்டேன். முதல் நாள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பஸ் எங்கே போகிறது என்று தெரியாத பயணிகளைப் போல என்னைப் பார்த்தார்கள்.

யுட்டேயின் நாற்காலியில் பத்திரிகை படிப்பாரே, அவர் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. இரண்டாவது நாள் நேரே அவரிடம் போனேன். "எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லை. நேத்து சூப் குடிச்சா."

"அவங்களைக் கேக்கலை. உங்களைத்தான்."

"என்னையா?" பத்திரிகையை மடித்தார், மறுபடி விரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லையே."

"என் பெண்டாட்டியும் அப்படித்தான் சொன்னா. இதே நாற்காலில உக்காந்து" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். எழுந்து கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரு வயதான தாயும் எழுந்தாள். அதற்கப்புறம் மீதி இரண்டு பேரும் தனியாக உட்கார வெட்கப்பட்டு வந்துவிட்டார்கள்.

நல்ல மழை. முதல் சுற்றில் எல்லாரும் தண்ணீர்க் குட்டைகளைத் தாண்டுவதிலேயே கவனமாக இருந்தார்கள். இரண்டாவது சுற்றில் அந்த மனிதர் தன் தோள்வலியைப் பற்றி ஆரம்பித்தார். நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பற்றி, கடைசியாக எப்போது தூங்கினார் என்று நினைவில்லாததைப் பற்றி. நிறுத்தவே இல்லை. அந்தத் தாய், "தோளா? நெஞ்சுப் பக்கம் வருதா? டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்று குறுக்கே கேட்டாள். "இல்லை" என்றார். "இன்னிக்கே கேளுங்க" என்று அவள் அதட்டினாள். மாலையில் அவர் போனார் என்று பிறகு தெரிந்தது. தசைப்பிடிப்புதான், வேறொன்றும் இல்லையாம். கேட்டதும் நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று உள்ளே நடந்ததை மலேனா சொன்னாள். மிதிக்கிற மும்முரத்தில் நாங்கள் எழுந்து போனதை ஒருவரும் கவனிக்கவில்லையாம். தன் பயிற்சி முடிந்து, வியர்வையும் மொட்டைத் தலையுமாக அந்த மனிதரின் மனைவி முதலில் வெளியே வந்திருக்கிறாள். நாற்காலிகள் எல்லாம் காலி. பத்திரிகை மட்டும் கிடக்கிறது. அவளுக்கு உயிரே போய்விட்டதாம். "எங்க அவர்? என்ன ஆச்சு அவருக்கு?" என்று கத்தியிருக்கிறாள். எல்லா நோயாளிகளும் சைக்கிளை விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார்கள்.

மலேனா அவர்களைப் பின்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்து, நாங்கள் மழையில் நனைந்தபடி குளத்தைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. ஹானுஸைப் பற்றி அவரே எழுதட்டும்.

உன் தம்பி,
பிரேபன்